ஓடாமல் விட்ட இரண்டாவது ரன்

போன வாரம் அண்ணியை ஓட்டல் அறையில் தூக்கம் வராமல் உட்கார வைத்துவிட்டு வந்தோம் அல்லவா? பாவம், இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். பொழுது மட்டும் விடிந்துவிட்டது.

இன்றுதான் இந்தக் கதைக்குள் கால் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பத்தொரு வயது. நாட்டின் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு விக்கெட் கீப்பர், துணைக் கேப்டன். நாத்தனார் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். அதே அணியில் பந்து வீசுகிறாள். இருவரும் முதலில் தோழிகள். பிறகுதான் இவள் அவளுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணியானாள். அணியில் எல்லோரும் இவர்களை உறவுமுறை சொல்லியே கூப்பிடுகிறார்கள். இவர்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் எப்படியும் கூப்பிடுவதில்லை. முகம் பார்த்துப் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

இன்று, சொந்த ஊரிலேயே, மண்டலத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் உலகப் போட்டிக்குப் போகலாம். தோற்றால் நாளைக் காலை டிப்போவும் கண்ணாடிக் கடையும் காத்திருக்கின்றன.

சாப்பாட்டு அறைக்குள் அண்ணி நுழையும்போதே மேனேஜரின் குரல் காதைத் துளைத்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்த அந்த அம்மாவுக்கு விசிலம்மா என்று பெயர். விசில் கழுத்தில் தொங்கினாலும் அதை ஊதவேண்டிய அவசியம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"வலி, வீக்கம், காய்ச்சல், எதுவா இருந்தாலும் இப்பவே தாள்ல எழுதுங்க. அங்க போய் அம்மான்னு உட்கார்ந்தா நான் பொறுப்பில்ல!"

ஒவ்வோர் ஆட்டத்தன்றும் காலையில் இந்தத் தாள் சுற்றிவரும். அவரவர் பெயருக்கு எதிரே அவரவர் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் துணைக் கேப்டன், 'சரி பார்த்தேன்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட வேண்டும்.

அண்ணி படித்துக்கொண்டே வந்தாள். பத்தாவது வரி நாத்தனாருடையது. லென்ஸ் தீட்டுகிறவளின் பொடிப்பொடி எழுத்து. 'வலது முழங்கால் நன்றாக இருக்கிறது.'

பச்சைப் பொய்.

ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, நாத்தனார் ஓடி வருகிற பதினோரு அடியையும் வருஷக்கணக்காகக் கேட்டவள் அண்ணி. டயரில் காற்று குறைந்தால் யாரும் சொல்லாமலே ஸ்டியரிங்கில் தெரிந்துவிடுமே, அப்படி. இரண்டு நாளாக ஒன்பதாவது அடி தாமதமாக விழுகிறது. நேற்று மாடிப்படியில் நாத்தனார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கியதையும் கண்ணால் பார்த்தாயிற்று.

"என்ன அண்ணி, யோசனை?" கேப்டன் பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்துநான்கு வயது, தொடக்கப் பள்ளி டீச்சர்.

"பேனா எழுத மாட்டேங்குது."

கேப்டன் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள். "எழுதுதே."

"அப்ப கைதான் எழுத மாட்டேங்குதுபோல."

இப்போது வாயைத் திறந்தால் நாத்தனார் இன்று பெஞ்சில். இது அவளுடைய கடைசி ஆட்டம் என்று போன வாரமே சொல்லிவிட்டாள். வாயைத் திறந்தால், பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பழி தீர்த்தாள் என்று பேச்சாகும். திறக்காவிட்டால் அவளுடைய காலை அவளே உடைத்துக்கொள்வாள்.

அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

அணியின் பேருந்தில் கேப்டன் நடுவில், அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் நாத்தனார்.

"அண்ணிகிட்டச் சொல்லு," என்றாள் நாத்தனார், "இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் போடுவேன். ஸ்டம்பை ஒட்டி நிக்கச் சொல்லு."

"கேட்டுச்சுன்னு சொல்லு," என்றாள் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி.

"கேட்டுச்சாம்."

"எனக்கும் கேட்டுச்சு."

கேப்டன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "எல்லாருக்கும்தான் கேக்குதே, நடுவுல நான் எதுக்கு? என் ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்களே உங்களைவிடத் தேவலை. மத்தியானம் டூ விட்டா சாயங்காலம் பழம் விட்டுடும்."

பின்சீட்டில் சிரித்தார்கள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே டிப்போ வந்துகொண்டிருந்தது.

தினமும் வேலைக்குப் போகிற டிப்போதான். ஆனால் வேறொருவர் ஓட்டுகிற பேருந்தில் உட்கார்ந்து பார்க்கும்போது அது பழைய டிப்போவாகிவிட்டது. அந்தப் பின்முற்றத்தில், முதல் வண்டி கிளம்புவதற்கு முன், இரண்டு தேய்ந்த டயர்களை இருபத்திரண்டு கஜ இடைவெளியில் போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் ஓடுவார்கள். பந்து கிடையாது. ஓட்டம் மட்டும்தான். எதிரில் வருகிறவளின் தோளைப் பார்த்தே இன்னொரு ரன் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான பழக்கம்.

நாத்தனாரின் அழைப்பு ஒன்றே ஒன்றுதான். "வாடீ!" எதிர்வீட்டு மாடியில் தூங்குகிறவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு "வாடீ!"

கல்யாணமான புதிதில் வீட்டில் இது பெரிய விவகாரமானது. அண்ணன் பொண்டாட்டியை வாடீ என்று கூப்பிடலாமா? நாத்தனாருடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எதிலும் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுமாடியில் நிற்கிற மனுஷர். "எனக்கொண்ணும் இல்லப்பா," என்று ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார்: "வீட்டுக்குள்ள அண்ணி. கோட்டுக்குள்ள என்ன வேணா கூப்பிட்டுக்கோ." அதிலிருந்து, மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டும்போது நாத்தனார் குனிந்து கும்பிடுவாள். "அண்ணி, இனிமே நீ டீ."

அப்போது அணிக்கே நாலு ஹெல்மெட்தான். அவுட்டாகி வருகிறவள் எல்லைக்கோட்டில் கழற்றிக் கொடுக்க, உள்ளே போகிறவள் அந்த வேர்வையோடே மாட்டிக்கொள்வாள். அண்ணிக்கு இறுக்கமாக இருக்கும் ஹெல்மெட் நாத்தனாருக்குத் தொளதொளக்கும். அதனால் அண்ணி தன் கைக்குட்டையை நாலாக மடித்து உள்ளே வைத்துக் கொடுப்பாள். நீலக்கரை போட்ட கைக்குட்டை. மூலையில் சிவப்பு நூலில் ஒரு பேருந்து. தைத்தது பேருந்துதான், பார்க்கிறவர்களுக்குச் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்.

பிறகு வந்தது அந்த ஆட்டம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு நாட்டில், இதே தகுதிச் சுற்று. கடைசிப் பந்து, இரண்டு ரன் வேண்டும். நாத்தனார் அடித்தாள். பந்து நேர் எதிரே எல்லைக்கோட்டை நோக்கி ஓடியது. ஒரு ரன் ஓடியாயிற்று. இரண்டாவதற்கு அண்ணி திரும்பிப் பாதி பிட்ச் வந்துவிட்டாள். நாத்தனார் கிரீஸிலேயே நின்றுகொண்டு கையைத் தூக்கினாள். உள்ளங்கை வெளியே தெரிய, நில் என்று. அண்ணி திரும்பி ஓட வேண்டியதாயிற்று. ஒரு ரன்னோடு ஆட்டம் சமன். இந்தச் சுற்றில் சூப்பர் ஓவர் கிடையாது; சமனானால் ஆளுக்கொரு புள்ளி; முந்தைய ஆட்டங்களின் ரன் சராசரியில் எதிரணி மேலே. உலகப் போட்டி அவர்களுக்குப் போயிற்று.

"ஏன் நின்ன?" அணியே கேட்டது.

"பயந்துட்டேன்," என்றாள் நாத்தனார்.

பயமா? டிப்போவில் ஆயிரம் தடவை ஓடிய ரன்னுக்கா? அண்ணி அன்றைக்குப் பேச்சை நிறுத்தினாள்.

அன்றைக்கு அண்ணி யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று அவளிடம் இருந்தது. முந்தின வருஷம் ஒரு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. இந்தச் சுற்றுக்குக் கிளம்புகிற காலையில் குளியலறையில் சோதித்துப் பார்த்தாள், மறுபடியும் உண்டாகியிருந்தது. சொன்னால் போகவிடமாட்டார்கள். சோதனைப் பட்டையைக் காலிச் சோப்புத்தூள் டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். திரும்பி வந்துதான் சொன்னாள். கணவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டார். மாமியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். அந்தக் குழந்தைக்கு இப்போது பதினோரு வயது. அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவே செய்தி கொண்டுபோய்க் கொண்டுபோய், "நான் என்ன இந்த வீட்டுக்குத் தபாலாபீஸா?" என்று கேட்கிற வயது.

பேருந்து டிப்போவைத் தாண்டியது. நாத்தனாரும் அதே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரணி முதலில் ஆடியது. நாத்தனார் முட்டியில் பட்டை சுற்றி, அதன்மேல் கால்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பந்து வீசினாள். மெதுவாக, வெளியே தள்ளி. மூன்றாவது ஓவரில் ஒருத்தி ஆசைப்பட்டு இறங்கி வந்தாள். அண்ணி பந்தைப் பிடித்ததும் ஸ்டம்பைத் தட்டியதும் ஒரே சத்தமாகக் கேட்டது. அவுட். அணி முழுக்க ஓடிவந்து கட்டிக்கொண்டது, நாத்தனாரைப் பாதிப் பேர், அண்ணியைப் பாதிப் பேர்.

நூற்றுப் பன்னிரண்டு அடித்தார்கள். நூற்றுப் பதின்மூன்று வேண்டும்.

சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி பார்வையாளர் பக்கம் பார்த்தாள். ஒரே குடைக்கடியில் மூன்று பேர்: கணவர், மாமியார், மகள். மகள் இரண்டு கையையும் ஆட்டினாள். கணவர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். மாமியார் வழக்கம்போல் மைதானத்தைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் பார்த்தால் அவருக்குப் படபடப்பு வரும். ஆனாலும் வராமல் இருக்கமாட்டார்.

அணியில் எழுதாத விதி ஒன்று உண்டு. அண்ணி ஐந்தாவதாக இறங்குவாள், நாத்தனார் பத்தாவதாக. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மட்டை பிடிக்கும்படி வைக்கக் கூடாது. மாறி மாறி வந்த மூன்று கேப்டன்களும் இதைக் காப்பாற்றி வந்தார்கள். இன்று விக்கெட்டுகள் அந்த விதியை மதிக்கவில்லை. பத்தொன்பதாவது ஓவரில் எட்டாவது விக்கெட் விழுந்தபோது அண்ணி இன்னும் உள்ளே இருந்தாள்.

நாத்தனார் வந்தாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டும்போது குனிந்து முட்டிப் பட்டையைச் சரிசெய்தாள். பழைய கும்பிடுபோல இருந்தது. அண்ணி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசி ஓவருக்கு ஒன்பது ரன்.

முதல் பந்தை அண்ணி முட்டி போட்டுச் சுழற்றினாள். நாலு. இரண்டாவது பந்து மட்டையில் படவில்லை. மூன்றாவதைத் தட்டிவிட்டு ஓடினாள். ஒன்று. அந்த ஒரு ரன்னுக்கே நாத்தனாரின் முகம் வெளுத்ததைத் தாண்டிப் போகும்போது பார்த்தாள். நாலாவது பந்து நாத்தனாரின் காலில் பட்டது. அடுத்தது வைடு. மறுபடி போட்ட ஐந்தாவதை நாத்தனார் தள்ளிவிட்டு, ஒற்றைக் காலில் நொண்டியடிக்கிற மாதிரி எதிர்முனைக்கு வந்து சேர்ந்தாள்.

கடைசிப் பந்து. இரண்டு ரன். அண்ணியின் மட்டை.

அதே விதி, பன்னிரண்டு வருஷத்தில் யாரும் மாற்றவில்லை. ஒரு ரன் என்றால் சமன். சமன் என்றால் வீடு.

விசிலம்மா எல்லைக்கோட்டில் நின்று விசிலையே கடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் துண்டால் முகத்தை மூடியிருந்தாள்.

பந்து வந்தது. அண்ணி அடித்தாள். எங்கே போக வேண்டாம் என்று நினைத்தாளோ அங்கேயே போனது, நேர் எதிரே. எல்லைக்கோட்டில் நின்ற எதிரணிக்காரி அதை நோக்கி ஓடிவந்தாள்.

ஒன்று ஓடியாயிற்று. அண்ணி மட்டையைக் கிரீஸில் தேய்த்துத் திரும்பினாள். எதிரே நாத்தனார், அந்த முனையில், மட்டையைக் கம்புபோல் ஊன்றிக்கொண்டு. பந்து எறியப்போவது இந்த முனைக்கு. நாத்தனார் திரும்பி ஓடிவர வேண்டிய முனைக்கு. வந்தால் கடைசி இரண்டு கஜம் பாய்ந்து விழ வேண்டும். அந்த முட்டியோடு.

அண்ணியின் கை எழும்பியது. யாரும் சொல்லாமல், அவளே நினைக்காமல், உள்ளங்கை வெளியே தெரிய.

நில்.

எழும்பிய கையை அவளே பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகக் கண்ணை மூடினால் வருகிற கை இது. அவள்மேல் கோபம் வரும்போதெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்த கை. இன்று அது தன் தோளிலிருந்து நீண்டிருந்தது. உலகப் போட்டி போனால் போகிறது, எதிரே இருப்பவள் விழக் கூடாது என்று நினைத்தால் மனுஷிக்கு இப்படித்தான் கை எழும்புமோ? அப்படியானால் அன்று அவள்—

"வாடீ!"

குரல் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. எதிர்வீட்டு மாடியில் தூங்குகிறவர்களை எழுப்புகிற அதே குரல். நாத்தனார் கிரீஸைவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அண்ணியின் காலுக்கு மூளையின் உத்தரவு தேவைப்படவில்லை. அது டிப்போவில் பழகிய கால். ஓடியது. நடு பிட்ச்சில் ஒருத்தியை ஒருத்தி கடந்தார்கள். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து மறுமுனைக்கு வந்துவிட்டது. நாத்தனார் பாய்ந்தாள். புழுதி எழுந்தது. ஸ்டம்பு சிதறியது. பதினோரு பேர் கையைத் தூக்கிக் கத்தினார்கள்.

நடுவர் குனிந்து மட்டையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். இல்லையென்று தலையை ஆட்டினார்.

அவுட் இல்லை.

எல்லோரும் ஓடிவருவதற்குள் அண்ணி மட்டையை எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் புழுதியில் உட்கார்ந்தாள்.

"முட்டி போச்சா?"

"போனாப் போகட்டும். எங்க போயிடப் போகுது, இங்கதானே கிடக்கு."

அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாயிற்று. நாத்தனாரின் ஹெல்மெட்டை அவிழ்த்து எடுத்தாள். தன் அளவுக்கு வாங்கிய புது ஹெல்மெட். உள்ளே எதையும் வைத்துக் கட்ட அவசியமே இல்லை. ஆனாலும் உள்ளிருந்து ஒரு துணி விழுந்தது. நாலாக மடித்தது. நீலக்கரை வெளுத்துப்போய், மூலையில் சோப்புக்கட்டி மாதிரி ஒரு சிவப்புப் பேருந்து.

அண்ணி அதைப் பிரித்துத் தொடையில் வைத்து நீவினாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

"எது?"

"அன்னைக்கு எனக்கு நாள் தள்ளியிருந்தது. அதனாலதான் கையைத் தூக்கின. பயந்தேன்னு பொய் சொல்லிட்டுப் பன்னிரண்டு வருஷம் எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கின. ஒரே அறையில படுத்திருந்தோமே, என் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்ப. நான்தான் மடச்சி, உன் முட்டியை நான் கண்டுபிடிக்கலையா, அந்த மாதிரித்தானேன்னு இத்தனை நாளாத் தோணல."

நாத்தனார் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நானா கண்டுபிடிச்சேன்? நீ வாந்தி எடுத்தப்ப, சாப்பாட்டுல என்னய்யா போட்டீங்கன்னு ஓட்டல் சமையல்காரர்கிட்டச் சண்டைக்குப் போனவடீ நான். எனக்கெங்க தெரியும்?"

"பின்ன?"

"அன்னைக்குக் காலையில ஓட்டலுக்குப் போன் வந்துச்சு. நீ குளிச்சிட்டிருந்த. அவ உண்டாகியிருக்கா, விழாமப் பார்த்துக்கோ, ஆனா தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதே, ஆட விடு, அவளா சொல்லட்டும்னு."

"யாரு பேசினது?"

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எங்கிருந்து வந்த போன்? அதையாவது சொல்லு."

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் அணி வந்து மேலே விழுந்தது. விசிலம்மா முதல்முறையாக விசிலை ஊதினார். கேப்டன், "பழம் விட்டாங்க! ரெண்டு பேரும் பழம் விட்டாங்க!" என்று கத்தினாள். ஆட்டம் ஜெயித்ததைவிட அவளுக்கு அதுதான் பெரிதாக இருந்தது. இரண்டு பேர் நாத்தனாரைத் தூக்கி நிறுத்தித் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டிப்போனார்கள். போகிறபோது நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். அண்ணியை அல்ல. அண்ணிக்குப் பின்னால், பார்வையாளர் பக்கம்.

அண்ணி கைக்குட்டையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

காலிச் சோப்புத்தூள் டப்பா. வீட்டில் யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். திறந்து, பார்த்து, போன் செய்து, மறுபடி மூடி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அவள் ஊர் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்ன அன்று, ஒன்றுமே தெரியாதவர்போல ஆச்சரியப்பட்டும் காட்டியிருக்கிறார்கள். விழுந்த ஸ்பானர். சமையலறையிலிருந்து ஓடிவந்த கால்கள். அந்த இரண்டில் ஒன்று நடிப்பு.

மெதுவாகத் திரும்பினாள். ஒரே குடைக்கடியில் மூன்று பேர் எழுந்து நின்றிருந்தார்கள். மகளை விட்டுவிடலாம். அன்றைக்கு அவள்தான் அந்த ரகசியமே.

மிச்சம் இரண்டு பேர்.